பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணுங்கள்

ராக்கி ஹில், கனெக்டிகட்
20 ஜூன் 2025

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இருபத்திரண்டு வருடமாக அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறேன். எங்கே இருந்தாலும் காலை காபியோடு இணையத்தில் திறப்பது உங்கள் நாளிதழைத்தான். சென்ற வாரம் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் எங்கள் மாநிலத்துப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

செய்தியில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி டாம்பா நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் தென் கரோலினாவை 82-59 என்று வென்று தங்கள் 12-வது தேசியப் பட்டத்தை எடுத்தார்கள். அணியின் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸ். எட்டு நாள் கழித்து, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் டாலஸ் விங்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. இது வரைக்கும் சரி. அதற்குப் பிறகு, அவர் போய்விட்டாரே, இனி இந்த அணி என்ன ஆகும் என்ற கேள்வியோடு செய்தி முடிந்திருந்தது. அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த அளவு பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் நிபுணர் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் ஆடியவள். இங்கே வந்தபிறகு வருடத்துக்கு நாலைந்து ஆட்டமாவது நேரில் பார்க்கிறவள்.

இறுதி ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று பாருங்கள். அஸி ஃபட் 24, சாரா ஸ்ட்ராங் 24, பெக்கர்ஸ் 17. ஸ்ட்ராங் அதோடு 15 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடித்தார். முதல் வருட மாணவி அவர். யு.சி.எல்.ஏ.வை 85-51 என்று தோற்கடித்த அரையிறுதியிலும் ஸ்ட்ராங், ஃபட் இரண்டு பேருக்கும் அடுத்துதான் பெக்கர்ஸ். பெக்கர்ஸைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். அதற்கு முந்தைய சுற்றுகளில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 40, தென் கலிஃபோர்னியாவுக்கு எதிராக 31 என்று அணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். மொத்தம் 2,439 புள்ளிகளோடு, இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் மூன்றாம் இடத்தில் நின்று விடைபெற்றிருக்கிறார். அப்படிப்பட்டவரே கடைசி இரண்டு ஆட்டத்திலும் புள்ளிக் கணக்கில் மூன்றாவது ஆளாக இருந்துகொண்டு பட்டம் வாங்க முடிந்தது. அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில் யார் இருந்தார்கள் என்பதைத்தான் அந்தச் செய்தி விட்டுவிட்டது.

கூடைப்பந்து ஆடாதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் எப்போதும் ஐந்து பேர். ஆக, ஒரு ஆட்டத்துக்கு 200 நிமிட உழைப்பு வேண்டும். அதை ஒன்பது பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குச் சுமார் 22 நிமிடம். ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 33 நிமிடம். ஒரு நாளைக்கு இதைத் தாங்கிவிடலாம். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை, போன சீசனில் ஆடியதுபோல் 40 ஆட்டம் தாங்கவேண்டும் என்றால் முழங்கால் என்ன ஆகும்? பெண்களுக்கு ஏ.சி.எல். என்கிற முழங்கால் தசைநார் அறுவது ஆண்களைவிட அதிகம் என்று மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அது அறுந்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம் போச்சு.

இதை இந்த அணி பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2022 ஆகஸ்டில், சீசனே தொடங்காத நேரத்தில், நண்பர்களோடு சும்மா ஆடிய ஒரு ஆட்டத்தில் பெக்கர்ஸுக்கு ஏ.சி.எல். அறுந்தது. அந்தச் சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. ஐஸ் பிரேடிக்கு முழங்கால் சில்லு விலகி, அவருக்கும் அந்த வருடம் இல்லை. டிசம்பரில் ஃபட்டுக்கு முழங்காலில் அடி. பிறகு கரோலின் டுஷார்முக்குத் தலையில் அடி. 2023 ஜனவரி 8-ஆம் தேதி டிபால் பல்கலைக்கழகத்தோடு ஆடவேண்டிய ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். உதவித்தொகை பெறும் வீராங்கனைகள் குறைந்தது ஏழு பேராவது ஆடும் நிலையில் இருக்கவேண்டும் என்பது அவர்கள் ஆடும் பிக் ஈஸ்ட் லீகின் விதி. பதினோரு பட்டம் வாங்கியிருந்த அணியில் அன்றைக்கு ஏழு பேர் இல்லை!

அந்த ஆட்டத்துக்கு எங்களிடம் டிக்கெட் இருந்தது. என் தோழிகள் இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை வீணாகிவிட்டதே என்று வருத்தம். எனக்கோ அந்தச் செய்தியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏழு பேர் என்ற எண் எனக்குப் பழக்கமான எண். அதைக் கீழே சொல்கிறேன்.

அந்த வருடம் மார்ச்சில் ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் தோற்று, கடைசி 16 அணிகளோடு கனெக்டிகட் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் தொடர்ந்து 14 முறை கடைசி நான்குக்குள் போன அணி அது. அடுத்த வருடமும் விடிவில்லை. 2023 ஜூலையில், மறுபடியும் ஆட்டமில்லாத மாதத்தில்தான், எகிப்தின் ஜானா எல் அல்ஃபிக்கு 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் குதிகால் தசைநார் அறுந்தது. நவம்பரில் ஃபட்டுக்கு ஏ.சி.எல். ஜனவரியில் ஆப்ரி கிரிஃபினுக்கும் அதுவே. மிச்சம் இருந்தவர்களை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஏழு பேர் மட்டும் மாறி மாறி ஆடி, 2024 ஏப்ரலில் கடைசி நான்கு வரை போனார்கள். அங்கே கெய்ட்லின் கிளார்க்கின் ஐயோவா அணியிடம் 71-69 என்று தோற்றார்கள். கடைசி நொடிகளில் ஆலியா எட்வர்ட்ஸ் மீது நடுவர் கொடுத்த ஃபவுலைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் பேச்சு ஓயவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஃபவுலை விட, அதற்கு முந்தைய ஐந்து மாதம் பெஞ்சில் காலியாகக் கிடந்த நாற்காலிகள்தான் அந்த அணியைத் தோற்கடித்தன.

சரி, இந்த ஏழு பேர் கதைக்கு வருகிறேன்.

1995-இல் நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. எங்களுடையது பெண்கள் கல்லூரி. எந்தக் கல்லூரி என்று சொல்லவேண்டாம், இன்றைக்கு அங்கே நிலைமை எவ்வளவோ மாறியிருக்கும். சிமெண்ட் தரை, ஒரு பக்கம் வளையம் கொஞ்சம் தொங்கியிருக்கும், பந்து இரண்டு. ஏப்ரலில் தேர்வு முடிந்து வீட்டுக்குப் போகும்போது டீமில் பதினான்கு பேர் இருந்தோம். ஜூனில் கல்லூரி திறந்ததும் எங்கள் பி.டி. மேடம் செய்த முதல் வேலை தலை எண்ணியதுதான். இரண்டு பேர் படிப்பை முடித்துவிட்டார்கள், அது தெரிந்த கணக்கு. இரண்டு பேருக்கு வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. அதில் ஒருத்தி எங்கள் பாயிண்ட் கார்டு. பந்தை எதிராளியின் பக்கம் கொண்டுபோகத் தெரிந்த ஒரே ஆள் அவள். இன்னொருத்தி படிக்க வந்தாள், ஆனால் கிரவுண்டுக்கு வரவில்லை. அவள் அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது பேர் மிஞ்சினோம். முதலாம் ஆண்டிலிருந்து மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு வந்து மேடம் பன்னிரண்டாக்கினார். அதில் ஒரு பெண் அதற்கு முன்னால் கோ-கோ மட்டுமே ஆடியவள்.

அந்த ஜூன் மாதமும், அதற்குப் பிறகு பக்கத்துப் பாலிடெக்னிக் பையன்களோடு சாயங்காலம் ஆடிய ஆட்டங்களும்தான் எங்களை ஒரு டீமாக்கின. கனெக்டிகட் பெண்களும் பயிற்சியில் ஆண் மாணவர்களோடுதான் ஆடுகிறார்கள் என்று இங்கே வந்து தெரிந்துகொண்டபோது, எங்கள் மேடம் எவ்வளவு பெரிய கோச் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் திருச்சியில் ஒரு இன்டர் காலேஜ் போட்டி. பன்னிரண்டு பேருக்கும் பஸ் செலவும் படியும் கேட்டு மேடம் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் எட்டுப் பேருக்குத்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். களத்தில் ஐந்து பேர்தானே ஆடப்போகிறார்கள், எட்டுப் பேர் போதாதா என்று கேட்டார்களாம். மேடம் தன் கைக்காசைப் போட்டு ஒன்பதாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார், அதற்கும் விதி இடம் கொடுக்கவில்லை. கிளம்பும் காலையில் எட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல். ஏழு பேர் பஸ் ஏறினோம். வராத மற்ற நாலு பேரும் ஹாஸ்டல் வாசலில் நின்று கையசைத்தார்கள். அந்தக் கோ-கோ பெண்ணும் அதில் ஒருத்தி. ஆறு மாதத்தில் எங்களில் யாரையும் விட நன்றாகத் தடுத்து ஆடப் பழகியிருந்தாள்.

அரையிறுதியில் இரண்டாம் பாதி வரை நாங்கள்தான் முன்னணி. அப்புறம் கால்கள் ஓய்ந்தன. கால் ஓய்ந்தால் கை முன்னால் போகும், ஃபவுல் விழும். ஆடியவர்களுக்கு இது தெரியும். ஒருத்தி ஐந்து ஃபவுலோடு வெளியே. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. பிறகு ரீபவுண்டுக்குக் குதித்த கேப்டன் யாருடைய காலின் மீதோ இறங்கி, கணுக்கால் மடங்கியது. கிரவுண்டுக்கு வெளியே இருந்த சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, டவலில் சுற்றி வைத்துக் கட்டினோம். நடுவர் வந்து, நாலு பேர்தான் இருக்கிறீர்கள், விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். தரையில் உட்கார்ந்தபடியே கேப்டன் தலையை ஆட்டி மறுத்தாள். கடைசி ஆறு நிமிடம் நாலு பேராக ஆடினோம். எனக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். இன்னும் ஒன்று விழுந்தால் மூன்று பேர்தான். யாரையும் தொடப் பயந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தடுக்கப் பார்த்தேன். பதினொரு புள்ளியில் தோற்றோம்.

மறுநாள் அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. எங்கள் டீமில் அதிகப் புள்ளி எடுத்தவளின் பெயர் மட்டும் போட்டிருந்தார்கள். ஊரிலேயே விடப்பட்ட நாலு பேர் வந்திருந்தால் நாங்கள் அந்த ஆட்டத்தை ஜெயித்திருப்போம் என்று இன்றைக்கும், இந்த ஐம்பது வயதிலும், நான் உறுதியாக நம்புகிறேன்.

இதனால்தான் ஆட்டமில்லாத மாதங்களில் ஒரு அணிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு இவ்வளவு அக்கறை. அன்றைக்கு எங்கள் டீமைக் கல்யாணமும் கல்லூரிப் பணமும் குறைத்தன. இங்கே வேறு காரணங்கள். இங்கே கல்லூரி அணிகளுக்குள் ஆள் மாறுவதற்கு டிரான்ஸ்பர் போர்ட்டல் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பும் மாணவி வசந்த காலத்தில் அதில் தன் பெயரைப் பதிந்துவிட்டால் மற்ற கோச்சுகள் அவரோடு பேசலாம். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்காரவேண்டி வரும். 2024 ஏப்ரலில் அந்தத் தடையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். படிப்பில் பின்தங்காதவரை வருடா வருடம் மாறலாம். இந்த வசந்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிப் பெயர் கொடுத்தார்கள்.

அதோடு பணமும் சேர்ந்துவிட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். இந்த மாதம் 6-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஒப்புதல் கொடுத்த சமரசத்தின்படி, ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. இதில் பெரும்பகுதி ஆண்களின் அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகும் என்று பேச்சு. அதே சமரசத்தில் பழைய ஆண்டுகளுக்காகத் தரும் இழப்பீட்டில் பெண்களின் பங்கு குறைவு என்று வீராங்கனைகள் சிலர் அதற்குள்ளேயே மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். பெண்களுக்குக் கல்வி நிலையங்களில் சம இடம் தரும் டைட்டில் நைன் சட்டம் 1972-இலேயே வந்தாகிவிட்டது. அதன்பிறகும் கடைசி மூட்டை அரிசிக்குக் கையேந்தி நிற்பதுபோல் பெண்கள் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது உங்கள் செய்தி கேட்ட கேள்வி. பெக்கர்ஸ் மட்டும் போகவில்லை. கெய்ட்லின் சென், ஆப்ரி கிரிஃபின் இரண்டு பேரும் படிப்பை முடித்துவிட்டார்கள். மூன்று பேருமே தொழில்முறைத் தேர்வில் எடுக்கப்பட்டவர்கள். சென் போனதில் எனக்குக் கவலை அதிகம். பிரின்ஸ்டனில் படிப்பை முடித்துவிட்டு ஒரே ஒரு வருடம் ஆட வந்தவர். பந்தைப் பத்திரமாகக் கொண்டுபோக இரண்டாவது ஒரு கை அவரால் கிடைத்தது. எங்கள் பாயிண்ட் கார்டு வைகாசியில் போனபிறகு நாங்கள் எப்படித் திண்டாடினோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் இங்கே இருக்கிறவர்களைப் பாருங்கள். அஸி ஃபட் இந்த வருடமே தேர்வுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, இன்னும் ஒரு வருடம் ஆடுகிறேன் என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். பள்ளியில் ஒரு தடவை, கல்லூரியில் ஒரு தடவை என இரண்டு முறை ஏ.சி.எல். அறுந்து எழுந்து வந்து, கடைசிச் சுற்றின் சிறந்த வீராங்கனை என்ற விருதையும் வாங்கியவர் அவர். ஸ்ட்ராங்குக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. கே.கே. ஆர்னால்ட், ஆஷ்லின் ஷேட் இரண்டு பேரும் 2024-இல் அந்த ஏழு பேர் காலத்தில் முதல் வருட மாணவிகளாகச் சுமை தாங்கியவர்கள். எல் அல்ஃபியும் பிரேடியும் வளையத்துக்குக் கீழே நிற்க இருக்கிறார்கள். டுஷார்ம் ஓராண்டுக்கும் மேல் ஆடமுடியாமல் இருந்துவிட்டு இந்தப் பிப்ரவரியில்தான் திரும்பினார். அவர் களத்தில் இறங்கியபோது டி.வி. முன்னால் நின்று கைதட்டினேன்.

வெளியிலிருந்து வந்தவர்களில் எனக்குப் பெரிய ஆள் விஸ்கான்சினிலிருந்து வரும் சேரா வில்லியம்ஸ். ஆறடி நாலங்குலம். போன சீசனில் ஆட்டத்துக்கு 19 புள்ளி, கிட்டத்தட்ட 10 ரீபவுண்ட். அதற்கு முந்தைய வருடம் பிக் டென் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். எட்வர்ட்ஸ் 2024-இல் போனதிலிருந்து உள்ளே முதுகைக் கொடுத்து நிற்க ஒரு ஆள் குறைந்தபடியே இருந்தது. ஸ்ட்ராங் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார். இனி அவர் வெளியே வந்து ஆடலாம். தென் கலிஃபோர்னியாவிலிருந்து கேலி ஹெக்கெல் வருகிறார். வேகமான கார்டு, சென் விட்டுப்போன இடத்தில் ஆர்னால்டுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பார் என்று நம்புகிறேன். புதிய மாணவிகள் மூன்று பேர்: எக்வடோரைச் சேர்ந்த பிளாங்கா கினோனெஸ், அயர்லாந்தின் கேண்டி மாலூ-மாமெல், அப்புறம் கெலிஸ் ஃபிஷர். அவர்கள் ஆட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆக, பட்டம் வாங்கிய அணியை விட இந்த அணிக்கு ஆழம் அதிகம் என்பது என் கணிப்பு. பெக்கர்ஸைப் போல ஒரு ஆள் இல்லை. நெருக்கடியில் பந்தை யாரிடம் கொடுப்பது என்று முதல் சில வாரம் தடுமாறுவார்கள், டிசம்பருக்குள் ஒன்றிரண்டு ஆட்டம் கையைவிட்டுப் போகலாம். ஆனால் பெஞ்சில் காலி நாற்காலி இல்லை. ஜீனோ ஒரியெம்மா 1985-இலிருந்து இந்த அணியின் கோச். கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண், பெண் இரு தரப்பிலும் அவரைவிட அதிக ஆட்டம் ஜெயித்த கோச் கிடையாது. 71 வயதில் அவர் கையில் ஒன்பது பேர், பத்துப் பேர் என்று மாற்றிப் போட ஆள் இருக்கிறது என்றால், 2023-இல் ஏழு பேர் தேறாமல் நின்றது அவருக்கும் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆழத்துக்கும் ஒரு விலை உண்டு. 200 நிமிடத்தைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டால் யாராவது உட்காரத்தான் வேண்டும். ஊரில் பெரிய பெயரெடுத்த பெண்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லி ஸீபெல் விஸ்கான்சினில் பள்ளி அளவில் புள்ளிகளைக் குவித்தவர். இங்கே முதல் வருடத்தில் பெரும்பாலும் பெஞ்சில்தான். போர்ட்டல் கதவு திறந்திருந்தபோது அவர் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் போகவில்லை. பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டோர்ஸ் ஊரின் அரங்கத்தில் நான் எப்போதும் கீழ் வரிசையில் பெஞ்சுக்கு எதிரே இடம் கிடைக்குமா என்று பார்ப்பேன். எழுந்து நின்று டவலைச் சுற்றுகிற, டைம்-அவுட்டில் தண்ணீர் நீட்டுகிற அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கத்தான். தாங்கள் எப்போது உள்ளே இறங்கவேண்டி வரும் என்று தெரியாமலே ஐந்து மாதம் தயாராக இருப்பது, தினமும் 20 புள்ளி எடுப்பதை விடச் சுலபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர் அவர்களே, இப்போது என் கோரிக்கை. நம் ஊரில் பெண்கள் கூடைப்பந்துக்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். கேரளத்திலிருந்து வந்து தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் 2011-இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுப் பயிற்சி வரை போனார். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு கல்லூரி கிரவுண்டிலோ பள்ளி கிரவுண்டிலோ பன்னிரண்டில் ஒருவராக நின்றவர்கள்தான்.

கல்லூரிகள் திறக்கும் இந்த மாதத்தில் உங்கள் மாவட்ட நிருபர்களை ஒரு சாயங்காலம் பெண்கள் கல்லூரி கிரவுண்டுகளுக்கு அனுப்புங்கள். போன ஏப்ரலில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள், திரும்பாதவர்கள் ஏன் திரும்பவில்லை, வெளியூர்ப் போட்டிக்கு எத்தனை பேருக்குப் பணம் கிடைக்கிறது என்று பி.டி. மேடம்களைக் கேட்டு எழுதுங்கள். பட்டம் வாங்கிய டீம்களைப் பற்றி மட்டும் இல்லாமல், ஆட்டமில்லாத மாதங்களில் ஆள் சேர்க்கப் போராடும் டீம்களைப் பற்றியும் எழுதுங்கள். டிசம்பர், ஜனவரியில் இன்டர் காலேஜ் முடிவுகளைப் போடும்போது, இரண்டு வரிக்குப் பதில் நாலு வரி ஒதுக்கி, பன்னிரண்டு பேரின் பெயரையும் போடுங்கள். ஒரு நிமிடமும் ஆடாதவளின் பெயரும் அதில் இருக்கட்டும். அந்தக் காகிதத்தை அவள் வெட்டி வைத்துக்கொள்வாள். வீட்டில் அப்பாவிடம் காட்டுவாள். அடுத்த ஜூனில் அவள் கிரவுண்டுக்குத் திரும்பி வர அது ஒரு காரணமாக இருக்கலாம்.

1995-இல் ஹாஸ்டல் வாசலில் நின்ற அந்த நாலு பேரில் மூன்று பேரோடு எனக்கு இன்னும் தொடர்பு இருக்கிறது. கோ-கோ பெண் இப்போது ஒரு அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். அவள் பள்ளி டீமில் பதினாறு பிள்ளைகளாம். நவம்பரில் சீசன் தொடங்கியதும் முதல் ஆட்டத்துக்குப் போய், பெஞ்சைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறாள். டிக்கெட் விற்பனை எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரி